மலைப் பட்டறைக்கு சேண்ட் பிளாஸ்டிங் கம்ப்ரசர்: நீலகிரி, கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்த ஜீப்பின் சேஸி, வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு கேட், கணப்பின் இரும்புச் சட்டம், அப்பா ஓட்டிய புல்லட்டின் மட்கார்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் இவற்றில் ஒன்றாவது துருவேறிக் கிடக்கும். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் மேல்துருவைத்தான் எடுக்கும், குழிக்குள் இருக்கும் துருவைத் தொடாது. அதற்கு பிளாஸ்டிங்தான் வழி. கார்னெட் என்ற கனிமத் துகளோ கண்ணாடி மணியோ காற்றின் வேகத்தில் போய் அடித்தால்தான் குழிக்குள்ளும் வெள்ளை இரும்பு தெரியும்.

இதற்கு கம்ப்ரசர் வாங்கக் கோயம்புத்தூர் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. வேணும்?" என்பது. அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லாதீர்கள். பிளாஸ்டிங்குக்குக் கம்ப்ரசர் தேர்வு, துகளைப் பீய்ச்சும் நாசிலில் தொடங்கி, காற்றின் அளவு, மலை உயரம், வீட்டுக்கு வரும் கரண்ட் என்று பின்னோக்கிப் போய்க் கடைசியில்தான் எச்.பி.யில் முடிய வேண்டும். சமவெளிக்குப் போட்ட கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் கால் பங்கு காற்று குறையும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

படி 1: வேலை எது என்று முடிவு செய்யுங்கள்

கார்புரேட்டர் பாடி, போல்ட், கீல், தாழ்ப்பாள் போன்ற கைக்கடக்கமான சாமான்கள்தான் என்றால் மூடிய பிளாஸ்டிங் கேபினெட் போதும். அதில் உறிஞ்சு துப்பாக்கி இருக்கும். காற்று போகும் வேகத்தில் அடியிலிருந்து துகளை அதுவே இழுத்துக்கொள்ளும்.

சேஸி, கேட் போன்ற பெரிய சாமான்களுக்கு பிரஷர் பாட் (துகளை நிரப்பி மூடும் அழுத்தக் கலம்) வேண்டும். அதில் துகளும் அழுத்தத்திலேயே இருப்பதால் அதே காற்றில் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். ஆனால் அதைத் திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டியிருக்கும், தூசி எங்கும் பறக்கும்.

ஒரே ஒரு சேஸியை மட்டும் அடிக்க வேண்டும், அதன்பின் தேவையில்லை என்றால் கம்ப்ரசர் வாங்கவே வேண்டாம். கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் கொண்டுபோய் அடித்து, அங்கேயே பிரைமரும் போட்டு ஏற்றிவருவது எல்லா வகையிலும் மலிவு. மாதாமாதம் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்குத்தான் இனி வரும் கணக்கெல்லாம்.

படி 2: நாசில் எவ்வளவு காற்று கேட்கும்?

நாசில் ஓட்டையின் விட்டமும், நீங்கள் வைக்கும் அழுத்தமும்தான் செலவாகும் காற்றைத் தீர்மானிக்கின்றன. கடல்மட்டக் கணக்கில், 80 பி.எஸ்.ஐ. (சுமார் 5.5 பார்) அழுத்தத்தில், ஒரு நூல் (3.2 மி.மீ.) நாசில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்றைக் குடிக்கும், அதாவது 17 சி.எஃப்.எம். ஒன்றரை நூல் (4.8 மி.மீ.) நாசில் 38 கேட்கும். இரண்டு நூல் (6.4 மி.மீ.) நாசில் 68 கேட்கும். ஓட்டை இரட்டிப்பானால் காற்று நான்கு மடங்காகும்.

தேய்மானத்தையும் இங்கேயே சேர்த்துப் பாருங்கள். மலிவான செராமிக் நாசில் சீக்கிரம் தேயும். ஒரு நூல் ஓட்டை ஒன்றரை நூலாக அகன்றுவிட்டால் கம்ப்ரசர் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தாலும் பிரஷர் நிற்காது. "கம்ப்ரசர் வீக் ஆயிடுச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாசிலுக்குள் ஒரு ட்ரில் பிட்டை விட்டு விட்டத்தைப் பாருங்கள். கூடுதல் காசு கொடுத்தாவது டங்ஸ்டன் கார்பைடு நாசில் வாங்குவது நல்லது.

உறிஞ்சு துப்பாக்கியில் காற்றைத் தீர்மானிப்பது முன்னால் தெரியும் அகலமான நாசில் அல்ல, உள்ளே இருக்கும் சின்ன ஏர் ஜெட். முன்னால் 6 மி.மீ. இருந்தாலும் உள்ளே 3 மி.மீ. இருக்கலாம். கணக்கு உள்ளே இருப்பதற்குத்தான்.

படி 3: மலைக்கான திருத்தம்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கொடைக்கானலும் கிட்டத்தட்ட அப்படியே. குன்னூர், கோத்தகிரியில் ஐந்தில் நான்கு பங்கு. கம்ப்ரசரின் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதே கன அளவு காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் இழுத்த காற்று மெலிந்த காற்று. அதனால் டேங்குக்குள் சேரும் சரக்கு அதே விகிதத்தில் குறைகிறது.

நாசில் பக்கம் அந்தச் சலுகை கிடையாது. கேஜில் 80 என்று காட்டினால் அது நம் ஊர்க் காற்றழுத்தத்துக்கு மேலே 80. நாசிலுக்குப் பின்னால் இருக்கும் மொத்த அழுத்தம் ஊட்டியிலும் கடல்மட்டத்தில் இருப்பதற்கு 3, 4 சதவீதம்தான் குறைவு. ஆக, நாசிலின் பசி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, கம்ப்ரசர் தரும் சோறு கால் பங்கு குறைகிறது.

கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். படி 2-இல் சொன்ன எண்ணை ஊட்டி, கொடைக்கானலில் 1.25 ஆலும், குன்னூர், கோத்தகிரியில் 1.2 ஆலும், சுமார் 1,070 மீட்டரில் இருக்கும் கூடலூரில் 1.1 ஆலும் பெருக்குங்கள். ஊட்டியில் ஒரு நூல் நாசிலுக்கு 17 என்பது 21-ஐத் தாண்டிவிடும்.

காற்றை ஒரே தடவையில் அழுத்தும் சிங்கிள் ஸ்டேஜ் கம்ப்ரசருக்கு இன்னொரு சுமையும் உண்டு. 8 பாருக்கு ஏற்ற வேண்டுமானால் கடல்மட்டத்தில் காற்றைச் சுமார் 9 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 11 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஹெட் அதிகமாகச் சுடும், வால்வு பிளேட்டில் கரி சீக்கிரம் படியும், ஒவ்வொரு அடியிலும் மிஞ்சி நிற்கும் காற்றால் வெளியீடு இன்னும் கொஞ்சம் குறையும். இரண்டு சிலிண்டரும் ஒரே அளவில் இருந்தால் அது சிங்கிள் ஸ்டேஜ். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, நடுவில் துடுப்பு வைத்த குழாய் ஓடினால் இரண்டு தடவையாக அழுத்தும் டூ ஸ்டேஜ். 5 எச்.பி.யும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள் மலையில் டூ ஸ்டேஜ்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: பலகையில் உள்ள எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள்

பெரும்பாலான பிஸ்டன் கம்ப்ரசர்களின் விலைப்பட்டியலில் பெரிதாக அச்சிட்டிருப்பது பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது சிலிண்டரின் கன அளவைச் சுற்றுகளால் பெருக்கிய காகித எண். உண்மையில் வெளியே வரும் காற்றை எஃப்.ஏ.டி. என்பார்கள். அது பெரும்பாலும் அந்த எண்ணில் 65 முதல் 80 சதவீதம்தான். கடையில் எஃப்.ஏ.டி. எவ்வளவு என்றே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பட்டியல் எண்ணை 0.7 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்ரசர் என்றால் கையில் வாட்சோடு நீங்களே அளக்கலாம். டேங்கின் அடிக் காக்கைத் திறந்து தண்ணீரை முழுக்க வடியுங்கள். வெளியேறும் வால்வை மூடி ஓடவிட்டு, முள் 5 பாரில் இருந்து 7 பாருக்குப் போக எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். 250 லிட்டர் டேங்க் அதற்கு ஒன்றேகால் நிமிடம் எடுத்தால், 250 × 2 ÷ 1.25 = 400 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் அது 14 சி.எஃப்.எம். கோவையில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 1 பார் என்பதால் இந்த நேர்க்கணக்கு அங்கே போதும். காலி டேங்கில் இருந்து அளந்தால் எண் அழகாக வரும், ஆனால் நாம் வேலை செய்வது 5 பாருக்கு மேலேதான்.

படி 5: இப்போது எச்.பி.

நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு எச்.பி.க்குச் சுமார் 3 முதல் 4 சி.எஃப்.எம். தரும். அதோடு பிஸ்டன் கம்ப்ரசர் நிற்காமல் ஓடக் கூடாது. பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் ஓடி மூன்று நிமிடம் ஆறினால்தான் ரிங்கும் வால்வும் ஆண்டுக்கணக்கில் வரும். எனவே நாசில் கேட்கும் அளவை 0.7 ஆல் வகுத்துத்தான் கம்ப்ரசர் தேட வேண்டும்.

ஊட்டியில் ஒரு நூல் நாசிலை 80 பி.எஸ்.ஐ.யில் நாள் முழுக்க ஓட்ட 21 ÷ 0.7 = 30 சி.எஃப்.எம். ஆகிறது. இது 7.5-க்கும் 10 எச்.பி.க்கும் இடையில் வரும். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கம்ப்ரசரைப் பெரிதாக்குவதற்குப் பதில் நாசிலைச் சிறிதாக்கலாம். வீட்டுப் பட்டறைக்கு அதுதான் சரியான வழி.

2.4 மி.மீ. ஜெட் போட்டால் 80 பி.எஸ்.ஐ.யில் மலைத் திருத்தத்தோடு 12 சி.எஃப்.எம். போதும். 17 சி.எஃப்.எம். உண்மையாகத் தரும் 5 எச்.பி. கம்ப்ரசர் இதற்குச் சரியாக ஈடுகொடுக்கும். ஒரு நூல் ஜெட்டே வேண்டுமானால் அதே கம்ப்ரசரில் 50 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். 15-க்குள் அடங்கும், ஆனால் இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். ஜீப் போனட், மட்கார்டு போன்ற தகடுகளுக்கு எப்படியும் குறைந்த அழுத்தம்தான் நல்லது. 80-இல் ஒரே இடத்தில் அடித்தால் தகடு நெளிந்துவிடும், பிறகு தட்டி நேராக்க முடியாது.

சிங்கிள் ஃபேஸ் 3 எச்.பி. பெல்ட் கம்ப்ரசர் என்றால் 2 மி.மீ. ஜெட், மூடிய கேபினெட், சின்னச் சாமான். அது 8 சி.எஃப்.எம். கேட்கும், கம்ப்ரசர் 10 தரும். விட்டு விட்டு அடித்தால் நன்றாகவே நடக்கும். இதற்குக் கீழே, பெயின்ட் அடிக்கவும் டயருக்குக் காற்று பிடிக்கவும் விற்கும் சிறிய ஆயில் ஃப்ரீ வகைகளை பிளாஸ்டிங்குக்கு வாங்க வேண்டாம்.

டேங்க் பற்றிய மயக்கம்

"எச்.பி. கம்மியா இருந்தா என்ன, டேங்க் பெருசா போட்டுக்கலாம்" என்பவர்கள் நிறையப் பேர். டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். மோட்டார் சின்னதாக இருந்தால் மாடியில் எத்தனை பெரிய சின்டெக்ஸ் வைத்தாலும் தண்ணீர் தீரத்தான் செய்யும். 250 லிட்டர் டேங்கை 10 பாருக்கு நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு நூல் நாசிலில் 80 பி.எஸ்.ஐ. வரை அடித்தால் இரண்டரை நிமிடம்கூட வராது. ஆனாலும் 160 லிட்டருக்குக் குறைய வேண்டாம். மோட்டார் அடிக்கடி ஆன், ஆஃப் ஆவதைத் தவிர்க்கவும், சூடான காற்று கொஞ்சம் ஆறி அதன் தண்ணீர் அடியில் இறங்கவும் அந்த இடம் வேண்டும்.

படி 6: கரண்ட்

சிங்கிள் ஃபேஸில் 3 எச்.பி.தான் நடைமுறை எல்லை. ஓடும்போது சுமார் 15 ஆம்ப்ஸ் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மலையில் வீடுகள் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து தள்ளித்தள்ளி இருக்கின்றன. லைன் நீளம், வோல்டேஜ் இறக்கம். அக்கம்பக்கத்தில் கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 200-க்குக் கீழே போகிற வீட்டில் 3 எச்.பி. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் எரியும்.

5 எச்.பி. என்றால் த்ரீ ஃபேஸ். ஓடும்போது ஒரு ஃபேஸில் 7, 8 ஆம்ப்ஸ்தான், மோட்டாரும் நெடுநாள் உழைக்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லோடு கூட்டுவதற்கும் ஃபேஸ் மாற்றுவதற்கும் விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு கம்ப்ரசருக்குப் பணம் கட்டுங்கள். வெளியாருக்குக் கூலிக்கு அடித்துக் கொடுப்பதாக இருந்தால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது. அதற்கான கட்டணப் பிரிவையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டீசல், பெட்ரோல் எஞ்சின் கம்ப்ரசர் யோசிக்கிறவர்கள், டர்போ இல்லாத எஞ்சினும் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி இழக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 7: தண்ணீர்

மலையில் பிளாஸ்டிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தக் குறைவு அல்ல, ஈரம். 15 டிகிரியில் மூடுபனி இறங்கிய காற்றில் ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 கிராம் நீராவி இருக்கிறது. 20 சி.எஃப்.எம். கம்ப்ரசர் மணிக்கு 34 கன மீட்டர் இழுக்கும். ஆக, ஒரு மணி நேரத்தில் 400 கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. அழுத்தி ஆறவைத்தால் அதில் முக்கால் பங்குக்கு மேல் நீராக இறங்கிவிடும். எங்கே இறங்குகிறது என்பதுதான் பிரச்சினை.

ஹெட்டில் இருந்து வரும் காற்று கொதிக்கும். டேங்க் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்வரை நீராவி நீராவியாகவே அதைத் தாண்டிப் போய், தரையில் கிடக்கும் சில்லென்ற ஹோஸுக்குள் தண்ணீராகிறது. அது கார்னெட்டில் பட்டதும் துகள் கட்டிக்கொண்டு நாசில் அடைக்கிறது. கம்ப்ரசர் வாயிலேயே வாட்டர் செப்பரேட்டர் மாட்டியவர்களுக்கு இதனால்தான் பலன் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் காற்று இன்னும் சூடாக இருக்கிறது.

டேங்குக்குப் பிறகு முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பைச் சுவரில் மேலும் கீழுமாக வளைத்துப் பத்து மீட்டராவது ஓட்டுங்கள். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு சின்ன ட்ரெயின் காக். பைப் முடியும் இடத்தில் செப்பரேட்டர், துப்பாக்கிக்கு அருகில் இன்னொரு ஃபில்டர். சமவெளிக்காரர்கள் காசு கொடுத்து டிரையர் வைத்துச் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் ஊர்க் குளிர் இங்கே சும்மா செய்துகொடுக்கும். பி.வி.சி. பைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் காற்றுக்குப் போடாதீர்கள். அது வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

டேங்கை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் இது இன்னும் முக்கியம், காக்கில் நிற்கும் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் காலைகளில் ஆயிலும் கெட்டியாக இருக்கும். அழுத்தம் ஏற்றாமல், வால்வைத் திறந்துவைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு மூடுங்கள். கம்பெனிப் புத்தகம் அனுமதித்தால் குளிர்காலத்துக்கு கெட்டியான வி.ஜி. 100 ஆயிலுக்குப் பதில் இளகிய வி.ஜி. 68 ஊற்றலாம்.

குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. பெரிய வேலைகளை ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிங் அடித்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. மூடுபனி பட்டால் சில மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்குப் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் அடியுங்கள்.

படி 8: ஹோஸ்

சுருக்கமாகவே சொல்கிறேன். சுருள் சுருளான நீல நிற மெல்லிய ஹோஸ் வேண்டாம். 2.4 மி.மீ. ஜெட் வரைக்கும் அரை இஞ்ச் ரப்பர் ஹோஸ், அதற்கு மேல் முக்கால் இஞ்ச். குறுகலான க்விக் கப்ளிங் ஒவ்வொன்றும் சில பி.எஸ்.ஐ.யைத் தின்றுவிடும். துப்பாக்கிக்குள் காற்று நுழையும் இடத்தில் ஒரு கேஜ் மாட்டி, ட்ரிகரை அழுத்தியபடி படியுங்கள். டேங்க் கேஜ் காட்டுவது வேலைக்கு உதவாது.

படி 9: எங்கே வாங்குவது, எப்படி இறக்குவது

கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. கம்ப்ரசர் கம்பெனியான எல்ஜி (ELGi) 1960-இல் தொடங்கியதே அங்கேதான். எந்தப் பிராண்ட் என்பதைவிட, ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் அன்றே கோவையில் கிடைக்கிற பிராண்டா என்று பாருங்கள். ஒரு ஐம்பது ரூபாய் கேஸ்கெட்டுக்காக வாரக்கணக்கில் வேலை நிற்கக் கூடாது.

பழையது வாங்கினால் மோட்டாரை விட டேங்கை நன்றாகப் பாருங்கள். பெயர்ப்பலகையில் அழுத்தமும் ஆண்டும் இருக்க வேண்டும். அடிக் காக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு வந்தாலோ, அடியில் வெல்டிங் ஒட்டு இருந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்த பிறகே காற்று ஏற்ற வேண்டும். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் சீறிவிட்டு மூட வேண்டும்.

5 எச்.பி. கம்ப்ரசர் 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். பர்லியாறு வளைவுகளை லாரி ஏறிவிடும். ரோட்டில் இருந்து வீட்டுக்கு இறங்கும் நாற்பது படிக்கட்டுதான் கஷ்டம். முன்பே படியின் அகலத்தை அளந்து, டேங்க், பம்ப், மோட்டார் மூன்றையும் கழற்றித் தனித்தனியாக இறக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

ஷெட்டை வீட்டுச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம். பள்ளத்தாக்கில் சத்தம் எதிர்மேடு வரை போகும். ஏர் ஃபில்டர் சுத்தமான காற்றை இழுக்கும் பக்கத்தில், தூசி பறக்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும்.

படி 10: நுரையீரல்

ஆற்று மணலை அடிக்கவே அடிக்காதீர்கள். அதில் உள்ள சிலிக்கா நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பிரிட்டன் 1950-லேயே பிளாஸ்டிங்குக்குச் சிலிக்கா மணலைத் தடை செய்துவிட்டது. கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, அலுமினியச் சாமானுக்குக் கண்ணாடி மணி, இவற்றில் ஒன்றை மூடி போட்ட டிரம்மில் ஈரம் படாமல் வையுங்கள்.

கேபினெட்டுக்கு வெளியே அடித்தால் துணி மாஸ்க்கோ கடையில் விற்கும் தூசி மாஸ்க்கோ போதாது. தனிக் காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். அந்தக் காற்றை இதே ஆயில் கம்ப்ரசரில் இருந்து எடுக்கக் கூடாது, ஆயில் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். கீழே தார்ப்பாய் விரித்து அடித்து, உதிர்ந்ததையெல்லாம் கூட்டி மூட்டையில் கட்டுங்கள். சரிவில் விட்டால் அடுத்த மழைக்கு அது கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் போய்விடும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

முதல் நாளே கிளாம்ப் மீட்டர் வைத்து மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். மெலிந்த காற்றில் பம்ப் கொஞ்சம் இலேசாகச் சுற்றுவதால் பலகையில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளி நன்றாகத் தெரிந்தால், மோட்டார் புல்லியை ஒரு அளவு பெரிதாக்கிப் பம்ப்பின் வேகத்தைக் கூட்டி, இழந்த காற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். பம்ப்புக்குக் கம்பெனி சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டாமல், ஆம்ப்ஸ் பலகை எண்ணைத் தொடாமல் இதைச் செய்ய வேண்டும். புல்லி மாற்றிய பின் அரை மணி நேரம் அடித்துவிட்டு ஹெட்டின் சூட்டையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். படி 4-இல் சொன்ன 5 பார், 7 பார் சோதனையை மறுபடி செய்து, வந்த நேரத்தைத் தேதியோடு டேங்கிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்தால், நேரம் நீள்வதை வைத்தே ரிங் தேய்வது தெரிந்துவிடும்.